உல்லாசம் ஒருத்தனுக்கு, தீட்டு இன்னொருத்தனுக்கு

கொள்ளைநோய்க் காலத்தில் வெளிநாட்டுக்கு உல்லாசப் பயணம் போவது சுயநலமா இல்லையா என்றொரு கேள்வியை நம்முடைய நடுத்தர வர்க்கப் பத்திரிகைகள் அவ்வப்போது தூக்கிப் போட்டு விளையாடுகின்றன. 2021 ஏப்ரலில் இந்த விளையாட்டு உச்சத்தில் இருந்தது. இந்தி சினிமாக்காரர்கள் மாலத்தீவுக் கடற்கரையில் நின்று எடுத்துக்கொண்ட படங்களை நாளுக்கு நாலு என்று வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். அதே நாட்களில் தில்லியில் ஆக்ஸிஜன் கிடைக்காமல் மனிதர்கள் மூச்சுத் திணறிச் செத்துக்கொண்டிருந்தார்கள். சுடுகாட்டில் இடம் போதாமல் வாகனம் நிறுத்துகிற இடத்திலெல்லாம் சிதை அடுக்கினார்கள். அவர்கள் கூட்டத்திலேயே ஒருவரான நவாசுதீன் சித்திக் வெட்கமாக இல்லையா என்று கேட்டார். ஒருவராவது கேட்டாரே. மற்றவர்கள் இந்த நேரத்தில் இது தேவையா, கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று முனகியதோடு சரி. எழவு வீட்டுக்கு எதிர்வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைத்தவனிடம் சொல்கிற மாதிரி ஒரு கண்டிப்பு. நாகரிகக் குறைவு, அவ்வளவுதான்.

சுயநலம்தான். அதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது. ஆனால் அந்தச் சொல் போதாது என்பது என் வாதம். முன்கோபி, கஞ்சன், சுயநலக்காரன் என்று சொல்லும்போது குற்றம் ஒரு தனிமனிதனுடைய குணக்கேடாகச் சுருங்கிப் போகிறது. அவன் திருந்தினால் தீர்ந்தது. இங்கே நடப்பது அது அல்ல. ஒருத்தன் உடம்பு ஊர் சுற்றிவிட்டு வருகிறது. அது கொண்டுவந்து இறக்குகிற நோய்க்கு இன்னொருத்தன் உடம்பு கூலி கட்டுகிறது. எந்த உடம்பு சுற்றும், எந்த உடம்பு கட்டும் என்பதை கொரோனா வந்து தீர்மானிக்கவில்லை. அது ரொம்ப நாளைக்கு முந்தியே தீர்மானமாகிவிட்ட விஷயம். அந்தத் தீர்மானத்துக்கு இந்த நாட்டில் சாதி என்று பேர்.

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். வயிற்றுப்பாட்டுக்காக சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போனவர்கள், மகள் பிரசவத்துக்கு விமானம் ஏறிய தாய்கள், படிக்கப் போய் மாட்டிக்கொண்ட பிள்ளைகள், இவர்களை யாரும் இந்தக் கணக்கில் இழுக்க வேண்டாம். நான் பேசுவது பொழுதுபோக்குக்குப் போனவர்களைப் பற்றி மட்டும். பொழுதுபோக்கையும் நான் பழிக்கவில்லை. ஊர் சுற்றுவது என்பதே நமக்கு மறுக்கப்பட்ட சுகம் அல்லவா. செருப்புப் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவுக்குள் நடந்தால் அடி, சைக்கிளில் போனால் இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று சொன்ன மண் இந்தச் சேலம், நாமக்கல் மண். ‘பண்ணாடி’ என்று கையைக் கட்டி நின்ற கிழவர்கள் நம் வளவுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போன ஒரு தலித் பையன் கூடப் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தான். அவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. தண்டவாளத்தில் கிடந்தான். கோயிலைச் சுற்றிப் பார்க்கப் போவதற்கே இங்கே அந்த விலை.

ஊர் சுற்றிப் பார்க்கப் போன இன்னொருவர் கதையும் இருக்கிறது. பாபாசாகேப் அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று ஒரு சிறு நூல் எழுதி வைத்தார். தீண்டப்படாதவன் பயணம் போனால் என்ன நடக்கும் என்பதுதான் அதன் பெரும்பகுதி. 1901இல் சிறுவனாக மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். மகர் பையன்கள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டை வாடகை கொடுத்து, வண்டியையும் தாங்களே ஓட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. வண்டிக்காரன் கூட நடந்து வருவான். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் அல்லவா.

1934இல் நடந்தது இதைவிட நம் விஷயத்துக்கு நெருக்கமானது. சுத்தமான உல்லாசப் பயணம் அது. தோழர்கள் ஆசைப்பட்டார்கள், வேரூல் குகைகளைப் பார்க்கலாம் என்று கூட்டமாகக் கிளம்பினார்கள். வழியில் தௌலதாபாத் கோட்டை. தூசி படிந்த முகத்தை வாசலில் இருந்த குளத்துத் தண்ணீரில் கழுவினார்கள். அவ்வளவுதான். தேடுகள் தண்ணீரைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று ஒரு முஸ்லிம் பெரியவர் கத்திக்கொண்டு ஓடி வருகிறார், கூட்டம் கூடுகிறது, வசவு மழை பொழிகிறது. கடைசியில் கோட்டைக்குள் எங்கேயும் தண்ணீரைத் தொடக்கூடாது என்று சொல்லி, ஆயுதம் ஏந்திய சிப்பாய் ஒருவனைக் கூட அனுப்பி, உள்ளே விடுகிறார்கள். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துப் பட்டம் வாங்கியவர், வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தவர், நாற்பது வயதுக்கு மேல் ஆனவர். அவரும் அந்தச் சிப்பாய்க்கு ஒரு தொற்றுதான். எந்தக் கிருமியும் இல்லாத உடம்புகளுக்குப் போட்ட காவல் அது.

இதை ஏன் சொல்கிறேன்? கிருமி இல்லாத உடம்பை நோயாக நடத்தப் பழகிய ஒரு சமூகம், நிஜமாகவே கிருமியைச் சுமந்துகொண்டு பாஸ்போர்ட்டோடு வந்து இறங்குகிற உடம்பை எப்படி நடத்தும்? விருந்தாளியாக நடத்தும். அதற்கு மாலை போட்டுத்தான் பழக்கம்.

1896இல் பம்பாய்க்கு பிளேக் வந்தது. ஹாங்காங்கிலிருந்து கப்பல் வழியாக, வணிகத்தோடு சேர்ந்து வந்தது என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கி லாபம் பார்த்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 1897இல் தொற்றுநோய்கள் சட்டம் என்று ஒன்று போட்டதும் அது யார் மேல் பாய்ந்தது? ரயில் நிலையங்களில் மூன்றாம் வகுப்புக்காரர்களை நடைமேடையில் வரிசையாக நிறுத்தி அக்குளிலும் தொடை இடுக்கிலும் தடவிப் பார்த்தார்கள். முதல் வகுப்புக்கு மரியாதை வேறு. சென்னை மாகாணத்தில் பிளேக் பாஸ்போர்ட் என்று ஒரு சீட்டே கொடுத்தார்கள், அதை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தலையைக் காட்ட வேண்டும். அதே 1897ஆம் வருஷத்துச் சட்டத்தைத்தான் 2020 மார்ச்சில் தூசி தட்டி எடுத்தார்கள்.

பூனாவில் வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்ட வெள்ளை அதிகாரி ராண்டை 1897 ஜூனில் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அவர்கள் தேசபக்தர்களாகப் பாடப்புத்தகத்தில் இருக்கிறார்கள். சோல்ஜர்களின் அட்டூழியம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் பிராமண வீட்டு அடுப்படிக்குள் அந்நியன் கால் பட்டுவிட்டது என்ற கொதிப்பும் அந்தத் துப்பாக்கியில் கலந்திருந்தது என்பதைப் பாடப்புத்தகம் சொல்லாது. அதே பூனாவில், அதற்கு மூன்று மாதம் முன்னால், முந்த்வா என்ற ஊரின் மகர் சேரியில் பிளேக் கண்ட ஒரு சிறுவனைத் தன் முதுகில் தூக்கிக்கொண்டு மகன் யஷ்வந்த்தின் சிகிச்சை முகாமுக்குப் போனார் சாவித்ரிபாய் புலே. அந்த நோய் அவரைத் தொற்றியது. 1897 மார்ச் 10 அன்று செத்துப்போனார். கொள்ளைநோய்க் காலத்தில் அவரும் ஒரு பயணம் போனார்தான். நோய்க்கு முன்னால் உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்று பூலே குடும்பத்திடம் கேட்டிருந்தால் இந்த நாடு வேறு மாதிரி இருந்திருக்கும். பாபாசாகேப் அவர்களைக் குருவாகச் சொன்னது சும்மா இல்லை.

நம்ம பக்கத்துக்கு வருவோம். கடல் தாண்டினால் தோஷம் என்று சாஸ்திரம் சொன்னவர்கள் நம்மை மட்டும் கூசாமல் கடல் தாண்டி அனுப்பினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்த ஜில்லாக்களில் சேலமும் திருச்சியும் முக்கியமானவை. பஞ்சம் விரட்டியது, கடன் விரட்டியது, சாதி விரட்டியது. அவர்களைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் மண்டபத்தில் ஒரு முகாம் கட்டினார்கள். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய தடுப்பு முகாம். பல நாள் அடைத்து வைத்து, துணியை ஆவியில் வேகவைத்து, அம்மை குத்தி, காலரா இருக்கிறதா பிளேக் இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் அனுப்பினார்கள். நோய் பரவாமல் தடுப்பது தப்பா என்று கேட்பீர்கள். தப்பில்லை. கூலியாகப் போகிறவனை அடைத்து வைக்கிற அளவுக்கு நோயைப் பற்றி அறிவு இருந்தது என்பதுதான் நான் சொல்ல வருவது. தடுக்கத் தெரியாமல் இல்லை. யாரைத் தடுப்பது என்பதில்தான் நூறு வருஷமாக ஒரே முடிவு.

2020க்கு வருகிறேன். மார்ச் மூன்றாவது வாரத்துக்குப் பிறகுதான் வெளிநாட்டு விமானங்களை நிறுத்தினார்கள். அதுவரைக்கும் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தார்கள், நோய் ஜனவரியிலேயே நாட்டுக்குள் வந்துவிட்டது என்று தெரிந்த பிறகும். சேலத்தில் இந்தோனேசியாவிலிருந்து வந்த இஸ்லாமியப் பிரச்சாரகர்கள் நான்கு பேருக்கும் அவர்களுக்கு வழிகாட்டியாக வந்த ஒருவருக்கும் தொற்று என்று மார்ச் 25 அன்று செய்தி வந்தது. ஊரடங்குக்கு முன்னாலேயே, விசாவோடு வந்தவர்கள் அவர்கள். அப்புறம் என்ன நடந்தது என்று ஊர் அறியும். தொப்பி போட்டவனெல்லாம் கிருமி என்றானது. தெருவில் காய்கறி விற்றவனிடம்கூட வாங்காதே என்றார்கள். அதே மாதத்தில் ஐரோப்பாவையும் தாய்லாந்தையும் சுற்றிவிட்டு வந்த குடும்பங்களுக்கு மதமும் இல்லை, சாதியும் இல்லை, வெறும் ‘வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்’ என்று பேர்.

அவர்கள் வீட்டு வாசலில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே வராதீர் என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அது எவ்வளவு பெரிய அவமானம் என்று புலம்பித் தீர்த்தார்கள். பால்காரன் தூரத்தில் வைத்துவிட்டுப் போகிறான், பக்கத்து வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், கடையில் காசைக் கையில் வாங்க மாட்டேன் என்கிறான் என்று ஒரே அழுகை. பதினாலு நாள் தீண்டாமை! அதுக்கே தாங்கலை. டீக்கடையில் எல்லாருக்கும் பேப்பர் கப் வந்தது கொரோனாவில். நம்மாளுங்களுக்கு அது அதுக்கு முன்னாடியே வந்தாச்சு.

அப்போது முதலமைச்சராக இருந்தவர் நம் சேலத்துக்காரர், எடப்பாடி பழனிசாமி. 2020 ஏப்ரலில் அவர் ஓர் உண்மையைச் சொன்னார். இது பணக்காரர்களுக்கு வந்த நோய், வெளிநாட்டிலிருந்து அவர்கள் இறக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள், ஏழைகளுக்கு இது வராது என்கிற பொருளில் பேசினார். முதல் பாதி சரி. பின்பாதியைச் சென்னையின் குடிசைப் பகுதிகள் அடுத்த இரண்டே மாதத்தில் பொய்யாக்கின. நோயைக் கண்டுபிடித்தது பணக்காரன் வீட்டில். மருந்து என்று ஊரடங்கைக் கொடுத்தது ஏழை வீட்டில். இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசுகிறார், பன்னிரண்டு மணிக்கு நாடு பூட்டு. நான்கு மணி நேரம். மாலத்தீவு ஓட்டலில்கூட அறையைக் காலி பண்ணுவதற்கு அதைவிட அதிக அவகாசம் கொடுப்பான்.

அந்த நான்கு மணி நேரத்தில் மாட்டியவர்களில் நாமக்கல் மாவட்டத்து இளைஞர் ஒருவர் இருந்தார். மகாராஷ்டிரத்திலிருந்து கூட்டாளிகளோடு நடந்தே கிளம்பினார். இருபதுகளில் இருந்த பையன். ஏப்ரல் தொடக்கத்தில் செகந்திராபாத்தில் தங்கவைத்த முகாமில் சரிந்து விழுந்து உயிர் போயிற்று. பயணம் என்றால் அவனுக்கு அது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோடு வடக்கே போன ஆட்கள், நாமக்கல்லிலிருந்து முட்டையும் கேஸும் ஏற்றிப்போன லாரிகளின் ஓட்டுநர்கள், கிளீனர்கள், எந்த நெடுஞ்சாலையில் எந்த மரத்தடியில் எத்தனை நாள் கிடந்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஊருக்கு வந்து சேர்ந்தவனையும் ஊர் எல்லையில் நிறுத்திப் பள்ளிக்கூடத்தில் அடைத்தார்கள்.

நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து வேலை செய்கிறவன். (நான் சொல்வது பணம் வாங்குகிற கவுண்டரை, சாதியை அல்ல. எங்கள் கிளையில் இரண்டும் உண்டு.) 2020 ஏப்ரலில் ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் என்று மூன்று மாதம் போட்டார்கள். கூட்டம் சேராமலிருக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பார்த்து நாள் பிரித்தார்கள். சைபர், ஒன்று என்றால் மூன்றாம் தேதி, இரண்டு, மூன்று என்றால் நாலாம் தேதி என்று. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகளுக்குக் கடைசி இலக்கம் எங்கே தெரியும்? வெயிலில் சுண்ணாம்பு வட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தார்கள். வட்டத்தை விட்டு நகர்ந்தால் போலீஸ் லத்தி. ‘ஏனுங்க சாமி, எனக்கு விழுந்திருக்குதுங்களா’ என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகூப்பிக் கேட்டார்கள். ஐநூறு ரூபாய்க்கு. நம் ஆட்கள், என் அம்மா வயசு. அதே வாரம் மேனேஜர் அறையில் குளிர்சாதனத்தில் உட்கார்ந்திருந்தார் ஒரு வாடிக்கையாளர். மே மாதத்துக்கு முன்பதிவு செய்திருந்த ஐரோப்பியச் சுற்றுலா ரத்தாகிவிட்டது, வாங்கின வெளிநாட்டுப் பணத்தை முழுசாகத் திருப்பித் தர முடியுமா முடியாதா என்று சத்தம். அவருக்குக் காபி போனது. வட்டத்துக்குள் இருந்தவர்களுக்குத் தண்ணீர்கூட யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை, தொற்று பயமாம்.

அந்த மனிதர் கெட்டவரில்லை. சாதாரண ஆள். மகள் கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வைப்பார். அதனால்தான் சொல்கிறேன், சுயநலம் என்ற சொல் போதாது. அவர் தனியாக எந்தக் கொடுமையும் செய்யவில்லை. அவருக்கு நாற்காலியும் அவளுக்குச் சுண்ணாம்பு வட்டமும் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது. அவர் வந்து உட்கார்ந்தார்.

2021இல் இரண்டாம் அலை. ஏப்ரல் முடியும்போது ஒரே நாளில் நான்கு லட்சம் பேருக்குமேல் தொற்று. மே மாதம் 4ஆம் தேதி இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் பதின்மூன்று பேர் செத்தார்கள், நிர்வாகம் ஆக்ஸிஜன் பற்றாக்குறை இல்லை என்றது. சேலத்தில் படுக்கை கிடைக்காமல் அல்லாடிவிட்டு, மே 20 அன்று உருக்காலை வளாகத்தில் 500 படுக்கையோடு மையம் திறந்தார்கள். இப்படிப்பட்ட இரண்டு வருஷங்களிலும், 2020, 2021 இரண்டிலும், மாலத்தீவுக்குப் போன வெளிநாட்டு உல்லாசப் பயணிகளில் முதலிடம் யாருக்குத் தெரியுமா? இந்தியர்களுக்கு. எதில்தான் நாம் முதலிடம் வாங்குவது!

போனவர்கள் தங்கியது தனித்தனித் தீவில், தண்ணீர்மேல் கட்டிய குடிலில். அவர்கள் படுக்கையை விரித்து, கழிவறையைக் கழுவி, தட்டை எடுக்கிற வேலையில் அந்த நாட்டு ஏழைகளோடு வங்கதேசத்திலிருந்து வந்த கூலிகளும் இருந்தார்கள். அப்படி வந்தவர்களில் பெருங்கூட்டம் தலைநகர் மாலேயில் ஒரே அறையில் அடைந்து, முறைவைத்துத் தூங்கியவர்கள். 2020இல் அந்த நாட்டில் நோய் பரவத் தொடங்கியபோது முதலில் கொத்துக் கொத்தாக விழுந்தவர்கள் அவர்கள்தான். 2021 மே மாதத்தில் மக்கள்தொகை விகிதத்தில் உலகத்திலேயே அதிகமாகத் தொற்று ஏறிய நாடுகளில் ஒன்றாக மாலத்தீவு ஆனது. மே 13 முதல் இந்தியா உள்ளிட்ட தெற்காசியப் பயணிகளுக்குக் கதவைச் சாத்தினார்கள். அதற்குள் படம் எடுத்தவர்கள் எடுத்து முடித்துத் திரும்பிவிட்டார்கள்.

சிங்கப்பூர்க் கதை இன்னும் நேரடியானது, ஏனென்றால் அது நம் தமிழாட்கள் கதை. அங்கே கட்டடம் கட்டுகிற, கப்பல் பழுது பார்க்கிற தமிழ்நாட்டு, வங்கதேசக் கூலிகள் மூன்று லட்சத்துக்கும் மேல் பெரிய பெரிய விடுதிகளில் அடைந்து கிடக்கிறார்கள். 2020 ஏப்ரலில் விடுதிகளுக்குள் நோய் புகுந்தது. பூட்டினார்கள். அந்த வருஷ முடிவில் அரசே சொன்ன கணக்கு, விடுதித் தொழிலாளர்களில் 47 விழுக்காட்டினரை நோய் தொட்டுப் போயிருந்தது. அதே 2020 நவம்பரில் சிங்கப்பூர்க்காரர்களுக்குப் பொழுது போகவில்லையே என்று உல்லாசக் கப்பல் விட்டார்கள். எந்த ஊருக்கும் போகாத கப்பல். கடலுக்குள் போய்ச் சுற்றிவிட்டு அதே துறைமுகத்துக்கு வந்து சேரும். போக இடமில்லாத போதும் போக வேண்டும் அவர்களுக்கு! விடுதிக்காரனுக்கு? 2021 செப்டம்பரில் பெரிய மனசு பண்ணி ஒரு சோதனைத் திட்டம் கொண்டுவந்தார்கள். வாரத்துக்கு 500 பேர், ஊசி போட்டவர்கள் மட்டும், ஆறு மணி நேரம் லிட்டில் இந்தியாவுக்குப் போய்வரலாம். மூன்று லட்சத்தில் ஐநூறு. முறை வர எத்தனை வருஷம் ஆகும் என்று கணக்குப் போடுங்கள், நான் போட்டுப் பார்த்தேன், பத்து வருஷத்துக்கு மேல் வந்தது.

இதற்குப் பதில் சொல்லத் தயாராக மூன்று நியாயங்கள் வைத்திருக்கிறார்கள்.

டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ், அப்புறம் என்ன என்பது ஒன்று. எடுத்த அன்றைக்கு நெகட்டிவ் அய்யா. நோய் உடம்புக்குள் வந்து சில நாள் கழித்துத்தான் சோதனையில் தெரியும், விமானத்திலும் விமான நிலையத்திலும் வாங்கியதை அந்தக் காகிதம் சொல்லாது. இதை டாக்டர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். இரண்டாவது, என் காசு, என் இஷ்டம். கிணறு என்னுது, தண்ணி என்னுது, நீ ஏன் கிட்ட வரே என்ற பழைய குரல்தான் இது, இதற்குமேல் இதில் நேரம் செலவழிக்க மாட்டேன்.

மூன்றாவதுதான் நல்ல பிள்ளை வேஷம் போட்டு வருகிறது. நாங்கள் போகாவிட்டால் அந்த ஓட்டல் தொழிலாளிக்குச் சோறு ஏது என்கிறார்கள். சுற்றுலாவை நம்பி வாழ்கிற நாடு மாலத்தீவு, ஓட்டல்களை மூடியபோது பட்டினி வந்தது நிஜம். அந்தப் பட்டினியை நான் சின்னதாக்க மாட்டேன். ஆனால் இந்த வாதத்தை நம் வளவில் யாரிடம் கேட்டாலும் அடையாளம் சொல்வார்கள். ‘நான் வெள்ளாமை வைக்கலைன்னா நீ என்னடா திம்பே’ என்று பண்ணாடி கேட்டது இதுதான். கூலிக்காரன் வயிற்றைக் காட்டித் தன் சுகத்துக்கு நியாயம் தேடுவது. தொழிலாளியின் சோற்றில் அவ்வளவு அக்கறை இருந்தால் போகாமலே கொடுத்திருக்கலாமே. ரத்தான பயணத்துக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்டுச் சண்டை போட்டவர்களில் எத்தனை பேர், அந்த ஓட்டல் பையனுக்குச் சம்பளம் கொடுத்தாயா என்று முதலாளியைக் கேட்டார்கள்?

இனி நம்மவர்களிடம் கொஞ்சம். இடஒதுக்கீட்டில் வேலைக்கு வந்து, வீட்டுக்கடனில் வீடு கட்டி, இப்போது பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்ட நம்முடைய தோழர்களைத்தான் சொல்கிறேன். என் துறையிலேயே அப்படி நிறையப் பேர். விடுப்புப் பயணச் சலுகையில் தில்லி போவதற்கு மதுரை, கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று சுற்றிப்போன வங்கி ஊழியர்களுக்கு வரிவிலக்கு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொரோனாவுக்கு முந்திய பயணங்கள் அவை, தப்பாகச் சொல்லவில்லை, நாமும் சுற்றக் கற்றுக்கொண்டுவிட்டோம் என்பதற்காகச் சொன்னேன். எனக்கு அதில் சந்தோஷம்தான். அவன் போனால் போகலாம், நாங்க போனா மட்டும் சுயநலமா, ஆயிரம் வருஷம் உட்காரவைத்துவிட்டு இப்போது வந்து பொறுப்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறாயா என்று ஒரு தோழர் என்னிடம் கேட்டார். நியாயமான கோபம். பாபாசாகேப் 1913இல் கப்பல் ஏறினார், இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவும் லண்டனும் போனார். கடல் நமக்கும் சொந்தம்தான்.

ஆனால் சமத்துவம் என்பது அவன் செய்த அக்கிரமத்தை நாமும் செய்வதற்கான உரிமைச்சீட்டு அல்ல தோழரே. கொள்ளைநோய்க் காலத்தில் நீங்கள் போய்விட்டு வந்து இறக்குகிற நோய் முதலில் யாரிடம் போகிறது என்று பாருங்கள். விமான நிலையக் கழிவறை கழுவுகிறவளிடம். உங்கள் தனிமை வீட்டுக் குப்பையை மஞ்சள் பையில் எடுத்த மாநகராட்சி ஆளிடம். மருத்துவமனையில் பிணத்தைச் சுற்றிக் கட்டியவனிடம். அதில் பாதிப்பேர் உங்கள் சித்தி மக்கள், மாமன் மக்கள். உங்கள் பாஸ்போர்ட்டுக்கும் அவர்கள் கைக்கும் நடுவில் ஒரு தலைமுறைகூட இல்லை.

2020 மார்ச் 22 அன்று இந்த நாடு பால்கனியில் நின்று கைதட்டியது, தட்டு தட்டியது. தூய்மைப் பணியாளர்களுக்குக் காலில் விழுந்து பாதபூஜை செய்து படம் எடுத்துக்கொண்டார்கள் சில ஊர்களில். கையுறை கேட்டார்கள், பூ போட்டார்கள். நிரந்தர வேலை கேட்டார்கள், முன்களப் பணியாளர் என்று பட்டம் கொடுத்தார்கள். அப்படிக் கொரோனா முழுக்கக் குப்பை அள்ளிய சென்னைத் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்காதே, வேலையை நிரந்தரமாக்கு என்று 2025 ஆகஸ்டில் ரிப்பன் கட்டடத்துக்கு முன்னால் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம் பெண்கள். பதின்மூன்று நாள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் வந்து அவர்களை இழுத்து வண்டியில் ஏற்றியது.